பங்கு போட முடியாத எண்

மொந்தேவிதேயோ நகரப் பேருந்தில் பத்தொன்பது வருடம் நடத்துநராக இருந்தவள் சுல்மா. "உள்ள நகருங்க" என்று பயணிகளிடம் சொல்லவே கூசுவாள். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் ஆறு இலக்க எண்ணை மட்டும் விடமாட்டாள். பதினொரு வயதில் பள்ளியை விட்டவளுக்கு வகுத்தல் கணக்கு கையோடு வந்துவிட்டது. சிக்னலில் வண்டி நிற்கும்போது மூன்றால், ஏழால், பதின்மூன்றால் வகுத்துப் பார்ப்பாள். எதற்கும் மசியாத எண்ணைப் புத்தகத்தில் பகா எண் என்பார்கள். அவள் வைத்த பெயர் தனிக்கட்டை.

இரு பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் எண் அந்த ஊரில் காப்பிகுவா. அப்படி ஒரு டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று பர்சில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த வருடக் கார்னிவல் ஊர்வலத்தில் சுல்மாவின் மகள் நீதியா முதல்முறையாக ஆடப்போகிறாள். பணிமனையிலோ அன்று ஒருவருக்குத்தான் விடுப்பு. கேட்டவர்கள் பதினாறு பேர். மேலாளர் சோசா மாத்தே பானத்தை உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னார்.

"சண்டை வேணாம். எதாலயும் வகுக்க முடியாத காப்பிகுவா ஒண்ணை வெள்ளிக்கிழமைக்குள்ள என் கண்ணுல காட்டுங்க. காட்டுறவங்களுக்கு லீவு."

எல்லோரும் டிக்கெட்டுகளைத் துழாவினார்கள். சுல்மா எண்பது காப்பிகுவாக்களைத் தானே எழுதி வகுத்தாள். அத்தனையும் பதினொன்றுக்கு அடங்கின. கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்து ஏன் என்று யோசித்தாள். ஓரத்து ஜோடியில் ஒன்றும் மற்றதில் பூஜ்யமும் போட்டால் 100001. அடுத்த ஜோடிக்கு 10010. நடு ஜோடிக்கு 1100. மூன்றுமே பதினொன்றின் மடங்கு. ஆறு இலக்கக் காப்பிகுவா எதுவானாலும் இந்த மூன்றையும் வேண்டிய தடவை கூட்டியதுதான். அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"என்னம்மா தனியா சிரிக்கிற? வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றார் ஓட்டுநர் வால்டெமார்.

"டிக்கெட்ல அது கிடையவே கிடையாது. எத்தனை லட்சம் கிழிச்சாலும் வராது."

"அப்ப லீவு போச்சு. அதுக்கா சிரிப்பு?"

சிரிப்பு நின்றுவிட்டது. நீதியாவின் முகம் கண்முன் வந்தது. காற்று வாங்க இறங்கியவள் வண்டியின் நெற்றியில் இருந்த தட எண்ணைப் பார்த்தாள். மூன்றே இலக்கம், நடுவில் இருப்பதற்கு ஜோடி இல்லை. விரல் விட்டு வகுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவர் டிக்கெட்டையும் சோசா கால்குலேட்டரில் தட்டித் தள்ளுபடி செய்தார். கடைசியில் சுல்மா.

"கையில ஒண்ணும் காணோமே?"

"வாசல்ல நிக்குது சார். டிக்கெட்னு நீங்க சொல்லலையே."

சோசா வெளியே வந்தார். பேருந்தின் நெற்றியில் 383. இரண்டில் ஆரம்பித்துப் பத்தொன்பது வரை தட்டினார். எதற்கும் அடங்கவில்லை.

"இன்னும் போகட்டுமா?"

"வேணாம் சார். அதுக்கு மேல ஒண்ணு வகுத்தா, கூடவே சின்னது ஒண்ணும் வகுக்கணும். சின்னதை எல்லாம் பாத்தாச்சு."

"அடப்பாவி! பன்னெண்டு வருஷமா என்னை மாதிரி தனிக்கட்டையையா ஓட்டிட்டிருந்தேன்?" என்றார் வால்டெமார். சோசா சிரித்துச் சிரித்து மாத்தேயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். விடுப்புத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

ஊர்வலத்தன்று முரசுகள் நெருங்கி வந்தன. முன்னால் நின்ற ஆறடி மனிதரின் முதுகில் சுல்மா தட்டினாள்.

"உள்ள நகருங்கய்யா! என் பொண்ணு வர்றா!"