காதோடு கொண்டு வர வேண்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையில் கள அலுவலராக இருந்தேன். கொல்லிமலைக் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கக் கடன் கொடுப்பதும், கொடுத்த மாடு உயிரோடு இருக்கிறதா என்று மலையேறிப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் எனக்கு மாடு பற்றி எல்லாம் தெரியும் என்று மேனேஜர் நம்பினார். பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

கடன் கொடுக்கும் நாளில் கால்நடை மருத்துவர் மாட்டின் காதில் ஓட்டை போட்டு, எண் பொறித்த தகடு ஒன்றை மாட்டுவார். மலையில் அதைத் தோடு என்றார்கள். மாடு செத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கடனைக் கட்டிவிடும். ஆனால் தகடு தனியாக வந்தால் செல்லாது, காதோடு அறுத்து எடுத்து வர வேண்டும். மாட்டை விற்றுவிட்டுத் தகட்டை மட்டும் நீட்டுகிறவர்களுக்காகப் போட்ட விதி. நானும் ஒவ்வொரு கடன் முகாமிலும் தொண்டை கிழியச் சொல்வேன். பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவனை இழந்தவள், சின்னப் பிள்ளைகள் இருந்தன. மாடு காய்ச்சலில் செத்துவிட்டது என்று சொல்லி, மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே கழுவித் துடைத்த தகடு.

“காது எங்கேம்மா?” என்றேன்.

“அறுக்கச் சொன்னீங்கதான் சாமி. அது பேச்சுக்குச் சொன்னதுன்னு இருந்துட்டோம். பொதைக்கும்போது மனுசருக்கு நகையைக் கழட்டறதில்லீங்களா, அப்படித்தான் கழட்டி எடுத்தாந்தேன்.”

மேனேஜர் சிரித்தார். “ஏனுங்க, மாட்டை வித்துப்போட்டுத் தகட்டைக் கொண்டாந்திருக்குது. இதுகூடத் தெரியலீங்களா உங்களுக்கு?” என்றார். அவளிடம் ஒரு கிடாரிக்கன்று மிச்சம் இருந்தது. அதை விற்றுக் கடனைக் கட்டச் சொன்னார். அந்தக் கன்று வளர்ந்து ஈன்றால்தான் அவள் வீட்டில் மறுபடி பால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே மருத்துவரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.

மாட்டைப் புதைத்த மேட்டில் பூ வாடிக் கிடந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

“தோண்டிக் காதை எடுத்துட்டா டாக்டர் எழுதிக் குடுத்துருவாருங்கம்மா. கடன் தீந்துரும், கன்னுக்குட்டியும் உங்களுக்கே நிக்கும்” என்றேன்.

“எம்புள்ளைங்க அவ பாலைக் குடிச்சிருக்குதுங்க. பொதைச்சவளைத் தோண்டிக் காதை அறுக்க நான் ஒத்துக்கமாட்டேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த காது பெரிதா, உயிரோடு நிற்கிற கன்று பெரிதா என்று கத்தினேன். அவள் கன்றைத் தடவிக்கொண்டே நின்றாள். மருத்துவர் என் தோளைத் தொட்டு, “விடுங்க, போலாம்” என்றார்.

நேரில் பார்த்ததை எல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். காது இல்லை, பணம் இல்லை என்று பதில் வந்தது. அவள் கன்றைச் சந்தைக்கு ஓட்டி வந்து விற்றாள். மீதிக் கடனைக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாட்டுக் கடன் திட்டம் வந்தபோது மேனேஜரே, “அந்தம்மாளுக்கு மொதல்ல குடுங்க. ஒழுங்காக் கட்டுன ஆளு” என்றார். ஏதோ நானே பரிசு வாங்கியதுபோலப் பூரித்துப்போய் மலையேறினேன். நல்ல கறவையாகப் பார்த்து நானே பிடித்துத் தருகிறேன் என்றேன். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“கடன் வேணுமுங்க சாமி, வேண்டாம்னு சொல்லல” என்றாள். “காதில்லாத எதுக்காச்சும் குடுப்பீங்களா?”