உள்ளேயிருந்து அடிக்க வேண்டிய மணி

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்துதான் வேலையைத் தொடங்குவார்கள். மோட்டார் அறைக்கு ஏறி, கம்பிக் கயிற்றையும் பிரேக்கையும் பார்த்து, எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இறங்குகிற வழியில் அவசர மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் லிஃப்ட்டக்கா என்று கூப்பிடுகிற அவள் அதைத் தலைகீழாகச் செய்வாள். முதலில் லிஃப்ட்டுக்குள் போய்க் கதவை மூடுவாள். மணியை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்வரை கதவைத் திறக்க மாட்டாள். ஒரு அலுவலகக் கட்டடத்தில் பதினேழு நிமிடம் அப்படி நின்றிருக்கிறாள்.

அந்தக் கட்டடத்துக் காவலாளிக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"யாரும் மாட்டிக்கலையேம்மா. எதுக்குச் சும்மா மணியடிச்சு உசுர வாங்கறீங்க?"

"நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாக்கத்தான்."

"யாராவது மாட்டினா அடிக்கப்போறாங்க. அப்ப வந்து பாத்துக்கறேன்."

"மாட்டினப்புறம் அடிச்சு, அப்பத்தான் மணி வேல செய்யலன்னு தெரிஞ்சா?"

காவலாளி முனகிக்கொண்டே தன் நாற்காலிக்குத் திரும்பினார். ஆனால் அடுத்த மாதம் மணியடித்தபோது நாற்பது வினாடியில் வந்துவிட்டார்.

எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்று எழுபத்து மூன்று கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவள் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. வீட்டில் அவளும், நகரப் பேருந்து ஓட்டும் கணவரும், அவளைவிட ஐந்து வயது இளைய தம்பியும். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவான். மில்லிமீட்டரில் பாதி தவறினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளப்பான். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சுத் திக்கும். சாதாரண நாளில் வாக்கியத்துக்கு ஓரிடத்தில் தடுக்கும், அவ்வளவுதான். மனம் கலங்கிவிட்டால் முதல் எழுத்தே வெளியே வராது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு கலக்கம் வந்தது. மூன்று நாள் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். செத்துவிடலாம் என்று தோன்றுவதாக ஒரு தாளில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளினான். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம். மாமா, அதாவது அக்காவின் கணவர், கைகால் ஓடாமல் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். கதவை உடைத்தார்கள். கேள்வி கேட்டார்கள். அவனுக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. குடித்திருக்கிறான் என்றார் ஒருவர். திமிர் என்றார் மற்றவர். தெருவே பார்த்து நிற்க, கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடைத்த மருத்துவர் நல்லவர். மாத்திரை பிடித்தது. மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் திரும்பிவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே அவன் ஒன்றைச் சொல்லிவிட்டான். திக்கித் திக்கி, ஆனால் முழுதாக:

"இ... இனிமே எனக்கு என்ன ஆனாலும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அக்கா அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நாட்களைப் பார்த்தாள். எந்த நாளும் அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு செவ்வாயும் புதனும் தம்பியின் சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே திரும்பி வந்தது. போன தடவையும் அப்படித்தான் தொடங்கியது. வியாழக்கிழமை அக்கா கேட்டே விட்டாள். கடையில் தேய்க்கும் இயந்திரம் பழுதாகி வேலை குவிந்து கிடந்ததாம். முதலாளி வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டானாம். வேறொன்றும் இல்லை.

அன்று அவள் மோட்டார் அறையில் உட்கார்ந்து யோசித்தாள். இந்தத் தடவை ஒன்றுமில்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? மறுபடியும் மாமா போலீசுக்குத்தான் போன் செய்திருப்பார். வேறு எண் யாருக்குத் தெரியும்?

மணியை நல்ல நாளில் அடித்துப் பார்க்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது, செய்தித்தாளின் ஓரத்தில் இருந்தது, இணையத்தில் கிடைத்தது என்று, மனம் உடைந்தவர்கள் கூப்பிடுகிற பதினொரு உதவி எண்களைச் சேர்த்தாள். மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். எத்தனை வினாடியில் எடுக்கிறார்கள், பெயர் சொல்லியாக வேண்டுமா, எந்த நேரம்வரை இருப்பார்கள், கேட்காமல் போலீசை அனுப்புவார்களா. எல்லாவற்றையும் பராமரிப்பு நோட்டின் பின்பக்கத்தில் குறித்தாள்.

மூன்று எண்கள் உயிரோடு இல்லை. ஒன்றில் எடுத்தவர், "பஞ்சு மெத்தையா, ஸ்பிரிங் மெத்தையா?" என்று கேட்டார். எண் கைமாறி வருடக்கணக்காகிவிட்டதாம். வீட்டில் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தூக்கம் வராதவன்தானே கூப்பிடுவான்? சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு."

"சிரிங்க. மெத்தக் கடைக்காரர் ரெண்டாவது மணியிலயே எடுத்தாரு. மத்தவங்க எடுக்கவே இல்ல."

கடைசியில் ஒன்று தேறியது. முப்பத்தைந்து வினாடியில் எடுத்தார்கள். பேசிய பெண்ணின் குரலில் அவசரம் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய யாரையும் அனுப்ப மாட்டோம், அனுப்பினாலும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவோம் என்றாள். இரவு பகல் எந்நேரமும் உண்டு. அக்கா மூன்று வெவ்வேறு நாளில் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்று நாளும் அதே பொறுமை. எண்ணை அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, லிஃப்ட்டில் ஒட்டுகிற அறிவிப்பு அட்டையைப் போலவே செய்து தம்பியிடம் கொடுத்தாள்.

"நல்லாப் பாத்து எடுத்திருக்கேன். வச்சுக்கோ. நீயும் ஒரு நாள் அடிச்சுப் பாரு."

தம்பி வாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் செருகினான்.

மூன்றாம் நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் தன் கைப்பேசியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினான். அழைப்புப் பட்டியல். அதே எண், மூன்று தரம். இருபத்திரண்டு வினாடி. பத்தொன்பது. இருபத்தைந்து.

"என்னடா, இவ்வளவு சீக்கிரமா பேசி முடிச்சிட்ட?"

"பே... பேசவே இல்ல. ஹலோ, ஹலோன்னாங்க. எனக்கு வ... வரல. வச்சுட்டாங்க. மூணாவது தடவ, விளையாடாதீங்கன்னு சொன்னாங்க."

"என்கிட்ட அவ்வளவு பொறுமையாப் பேசினாங்களே."

"உன்கிட்ட பேசுவாங்க. நீ தண்ணிக் குழாய் மாதிரி கொட்டுவ." அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உ... உன் கண்ண சோதிச்சு, உன் பவர்ல லென்ஸ் போட்டு, என் மூக்குல மாட்டியிருக்க. கண்ணாடி நல்ல கண்ணாடிதான். எனக்குத் தெரியல."

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. எழுபத்து மூன்று கட்டடத்திலும் உள்ளே நின்று மணியடிக்கிறவள், தம்பியின் மணியை மட்டும் வெளியிலிருந்து அடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று அவள் கவனத்துக்குத் தப்பவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றவன் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறான்.

"சரி," என்றாள். "தப்பு என்னோடது. நோட்ட நீ எடு. நீயே சோதிச்சுப் பாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், வாயத் திறக்க மாட்டேன்."

"அது உ... உன்னால முடியாது," என்றான் தம்பி. மாமாதான் முதலில் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினார்கள். இந்தத் தடவை எழுதிப் பேசக்கூடிய இடங்களை மட்டும் தேடினான் தம்பி. இரண்டு கிடைத்தன. முதல் இடத்தில், உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் பதில் அனுப்பியது. வயது, முகவரி, அடையாள எண் எல்லாம் கேட்டது. பிறகு நாற்பது நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. தம்பி அதை நோட்டில் கோடு போட்டு அடித்தான்.

இரண்டாவது இடத்துக்கு இப்படி எழுதினான்: "எனக்கு இப்ப ஆபத்து எதுவும் இல்ல. வந்தா உங்ககிட்ட எழுத முடியுமான்னு பாக்கறேன். எனக்குத் திக்கும். போன்ல பேச வராது."

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. "நல்ல வேலை செய்றீங்க. இங்க யாரும் பேச வேண்டியதில்ல. நீங்க எழுத நேரமானாலும் நாங்க மூடிட்டுப் போக மாட்டோம். வேற என்ன தெரியணும்?"

வேண்டுமென்றே பத்து நிமிடம் ஒன்றும் எழுதாமல் இருந்தான். அக்காவின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன. அவன் முறைத்ததும் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து, "இங்கதான் இருக்கேன்" என்று ஒரு வரி மட்டும் வந்தது.

பிறகு அவன் போலீசைப் பற்றிக் கேட்டான். பதில் மழுப்பலாக இல்லை. "உயிர் போற ஆபத்துன்னு தெரிஞ்சு, நீங்களும் பதில் எழுதலன்னா, அவசர உதவியக் கூப்பிடுவோம். அத மறைக்க மாட்டோம். ஆனா அதுக்கு முன்னாடி யாரக் கூப்பிடணும்னு நீங்க சொல்லி வைக்கலாம். யாரச் சொல்றீங்க?"

தம்பி அந்தக் கேள்வியை மறுபடி படித்தான். போன தடவை யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அக்காவின் எண்ணை எழுதினான். சற்று யோசித்து, மாமாவின் எண்ணையும் சேர்த்தான். மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வர நேரமானது.

குறை இல்லாமல் இல்லை. அந்த இடம் காலை எட்டிலிருந்து இரவு பத்துவரைதான். மின்சாரம் நின்றால் லிஃப்ட்டுக்கு மாற்று பேட்டரி இருப்பதைப் போல, இதற்கும் ஒன்று வேண்டும் என்றாள் அக்கா. மருத்துவரிடம் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி மனம் கலங்கியவர்களுக்கென்று ஒரு இடம் இருப்பதாகச் சொன்னார். படுக்கையில் சேர்க்க மாட்டார்கள். எந்நேரமும் போய் உட்காரலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஜன்னலோரம் ஆறு சாய்வு நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடுவை, சுவரில் ஒரு கடிகாரம். தம்பி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அக்கா உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். அங்கிருந்த நர்ஸ் வந்தார்.

"என்னம்மா தேடறீங்க?"

"உள்ளேருந்து திறக்குதான்னு பாக்கறேன்."

"திறக்கும். பூட்டே கிடையாது." நர்ஸ் சிரித்தார். "இதுவர இத யாரும் சோதிச்சதில்ல."

வீட்டுக்கு வந்து புது அட்டை ஒன்றை எழுதினார்கள். எழுதியது தம்பி. ஒரு பக்கத்தில் எழுதிப் பேசும் எண், பத்து மணிக்குமேல் போகும் இடம், மருத்துவர், சாப்பிடும் மாத்திரை. மறுபக்கத்தில் மூன்றே வரி: நான் குடித்திருக்கவில்லை. எனக்குத் திக்கும். அவசரப்படுத்தாமல் இருந்தால் பதில் சொல்வேன். மாமா அதில் ஒரு பிரதியை வாங்கிப் பேருந்தின் ஸ்டியரிங்குக்கு மேலே செருகிக்கொண்டார்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தம்பி அந்த எண்ணுக்கு ஒரு வரி எழுதிப் பார்ப்பான். பதில் வந்த நிமிடக் கணக்கு நோட்டில் ஏறும்.

ஆறாவது மாதம், ஒரு வியாழன் மதியம். எட்டு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட்டின் கூரைமேல் அக்கா மண்டியிட்டு ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. தம்பியிடமிருந்து.

"ரெண்டு நாளா சரியில்ல. பழைய நினைப்பு வருது. மணியடிச்சுட்டேன். மூணு நிமிஷத்துல எடுத்தாங்க. எழுதிட்டிருக்கேன். முதலாளிகிட்ட அட்டையக் காட்டி லீவு சொல்லிட்டேன். மாமா பஸ் இந்த வழியாத்தான் வருது, அதுல ஏறி நாற்காலி இடத்துக்குப் போறேன். ஓடி வராத. வேலைய முடிச்சுட்டு வா."

அவள் இரண்டு தரம் படித்தாள். "வரேன்" என்று எழுதினாள். இறுக்கிய நட்டையே மறுபடி இறுக்கினாள். கருவிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் அவன் எழுதியதில் கடைசி வரியும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பிரேக்கைப் பார்த்தாள். கதவுகளைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் எட்டு மாடியையும் படிவழியே இறங்கினாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் பொறுமை மட்டும் அவளுக்கு இல்லை.

ஜன்னலோர நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது. மருத்துவர் நாளைக் காலை முதல் ஆளாகப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவன் மடியில் கைப்பேசி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் இன்னும் விடைபெற்றிருக்கவில்லை. பக்கத்தில் மாமா, வேலை முடிந்து வந்த சீருடையோடு அமர்ந்திருந்தார்.

அக்கா உள்ளே வந்தாள். பழக்கத்தில் கை கதவின் பிடிக்குப் போனது.

"வி... விடு," என்றான் தம்பி. "நான் பாத்துட்டேன். திறக்குது."

அவள் பிடியை விட்டுவிட்டு வந்து, அவனுக்கு மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.