அண்ணன் செய்த எஞ்சினும் அப்பா போட்ட துளையும்

டீசல் பட்ட சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் கழுத்துப் பட்டியில் அந்த வாடை ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த அண்ணனின் சட்டைகள் எல்லாம் அப்படித்தான் மணக்கும்.

அப்பா முத்துக்குத் துளை போடுகிறவர். அண்ணனையும் அதே பலகையில் உட்கார்த்திவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். அவனோ லாஞ்சு எனும் விசைப்படகுகளுக்கு எஞ்சின் மாட்டும் பட்டறையில் போய்ச் சேர்ந்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. பிறகு முத்துக்குளிப்பும் நின்று, அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தபோது அந்தப் பிணக்கு இன்னும் இறுகிப்போனது. எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தாலும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

“ஏளா, ஒங்க அண்ணங்கிட்ட சொல்லு, சோத்துல எல்லாம் டீசல் நாறுதுன்னு.”

“ஏளா, அப்பாட்ட சொல்லு, கருவாட்டு நாத்தத்துக்கு இது தேவலன்னு.”

அம்மா சிரித்துவிடுவாள். “புள்ளய ஏன் தபாலாபீசு ஆக்குதிய?”

வாயே திறக்காத பெண் என்று தெருவில் பெயரெடுத்த நான், வீட்டுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் என் பேச்சு இல்லை. இருவரில் ஒருவர் நேராக ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன், பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளை வைத்துத் தேங்காய் அளவில் ஒரு டீசல் எஞ்சின் செய்தான். எல்லாம் அமைந்தது, டீசலை உள்ளே பீச்சும் “நாசில்” மட்டும் அமையவில்லை. பம்பு அழுத்தும்போது டீசல் பனிப்புகை மாதிரி சிதற வேண்டுமாம், அப்போதுதான் பற்றுமாம். அவன் போட்ட ஓட்டை பெரிதாகி, சளி பிடித்த மூக்கு போல ஒழுகியது.

“ஏளா, அப்பாட்ட கேளு, இந்தப் பித்தளையில மயிரு மொத்தத்துக்கு ஒரு தொள போட முடியுமான்னு.”

அப்பா என்னைத்தான் பார்த்தார். “நீ கேக்கியா, அவன் கேக்கானா?”

“அண்ணந்தாம்ப்பா.”

எழுந்துபோய்த் தன் பழைய கருவிப் பெட்டியைத் திறந்து, துளை ஊசியையும் அதைச் சுழற்றும் சிறு வில்லையும் எடுத்தார். சிரட்டைத் தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு வைத்தபடி வில்லை இழுத்தார். முத்தை ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் சில்லு தெறித்துவிடும். அதனால் பாதி போனதும் திருப்பி, அந்தப் பக்கமிருந்து வருவார்கள். கைப்பழக்கத்தில் பித்தளையையும் அப்படியே திருப்பிவிட்டார். முற்றத்தில் வைத்துப் பம்பை அழுத்தினால், டீசல் கோணலாகப் போய்ச் சுவரில் அடித்தது. இரண்டு துளையும் சேரும் இடத்தில் ஒரு இழை விலகல். அண்ணனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதை என்னிடம் சொல்லி அனுப்பாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவே சொன்னார்: “ஏளா, அவங்கிட்ட சொல்லு. முத்துன்னு நெனச்சிட்டேன். வேற துண்டு இருந்தா தரச் சொல்லு.”

அடுத்ததை ஒரே பக்கமாகவே துளைத்து, மறுமுனையில் எழும்பிய பிசிறை உரசி எடுத்தார். இந்த முறை டீசல் நேராக, மூச்சுவிட்டது போலச் சிதறியது. அண்ணன் கயிற்றைச் சுற்றி வீலை இழுத்தான். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தான். திடீரென்று பற்றிக்கொண்டு அது துள்ள, சந்தோஷத்தில் அவன் அதைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டான்.

“ஏலே, கைய எடுலே! வீலு சுத்துது!”

அண்ணன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தான். “சரிப்பா,” என்றான்.

பிறகு இருவரும் அதன் இரு பக்கமும் குந்திக்கொண்டு, சத்தத்தோடு சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. கடலில் முத்துக்குளிப்பு இல்லை. அந்த எஞ்சினும் உப்புக்காற்றில் துருவேறி, பழைய இரும்புக்காரரின் வண்டியில் போய்விட்டது. அன்று அந்தப் படபடப்புச் சத்தத்துக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது என் காதில் விழவில்லை. பிறகு நான் விசாரித்ததும் இல்லை.