ஏறாதவருக்கு டிக்கெட் தராத அந்தோணியம்மாள்

போன வாரம் விழுப்புரத்தில் அலுவலகத்துக்குள் நுழையும்போது கைப்பேசி அடித்தது. தினமும் என்னோடு ரயிலில் வரும் முருகன்தான். "சார், டிக்கெட் அக்கா எறந்து பூட்டாங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில. காலையிலதான்." அக்காவுக்கு அந்தோணியம்மாள் என்று ஒரு பெயர் இருந்ததே நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பாசஞ்சர் மட்டும் நிற்கிற சின்ன நிலையம் நம்முடையது. மீட்டர்கேஜ் காலத்தில் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், மணி அடித்தது, மண்பானையில் தண்ணீர் இருந்தது. அகலப்பாதை வந்த பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். டிக்கெட் விற்கிற வேலையை மட்டும் கமிஷனுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரிடம் விட்டார்கள். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து கணவர் இறந்ததும், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர் அந்தோணியம்மாள்.

டிக்கெட் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். ஆனால் நம் நடைமேடை தாழ்வு. வயதானவர்களுக்குப் படி எட்டாது. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பழகிய ரயில் கார்டுகள் அவர் கை காட்டிய பிறகுதான் கொடி அசைப்பார்கள். புதிதாக வந்த கார்டு ஒருவர், "ஏம்மா, நீங்கதான் வண்டிய எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "நீங்களே எடுங்க சார். பெரியவரு இன்னொரு கால உள்ள வெச்சதும் எடுங்க" என்றார் அக்கா. மறுநாள் அந்த கார்டும் அவர் கையைத்தான் பார்த்தார்.

கொரோனாவுக்குப் பிறகு வண்டிகள் மறுபடி ஓடின. நம் ஊரில் நிற்கவில்லை. நெடுஞ்சாலைக்கு நடந்து போய்ப் பேருந்துக்குக் கையைக் காட்டி அலுத்தோம். எத்தனையோ பேரைப் பார்த்துப் பேசிய பின், சில மாதம் நிறுத்திப் பார்க்கிறோம், டிக்கெட் விற்றால் தொடரும் என்று ரயில்வேகாரர்கள் சொன்னார்கள். முதல் வாரம் ஏறியவர்கள் எங்களைப் போல வேலைக்குப் போகிற சிலர்தான். மற்றவர்களுக்குப் பேருந்து பழகிவிட்டிருந்தது.

அப்போதுதான் கோதண்டம் ஒரு யோசனையோடு வந்தார். பெரிய விவசாயி. அந்த நிறுத்தத்துக்காக எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தவர். "அக்கா, தெனம் அம்பது டிக்கெட் கிழிச்சிடு. நாங்க ஊரா சேர்ந்து காசு குடுத்துடுறோம்" என்றார்.

"ஏறாத ஆளுக்கு டிக்கெட் கெடையாது" என்றார் அக்கா.

"நம்ம ஊருக்காகத்தானே கேக்குறேன்?"

"ஏற ஆளே இல்லன்னா வண்டி எதுக்கு நிக்கணும்? வாங்க, ஏறுங்க. எங்கியாவது போய்க்கினு வாங்க. குடுக்கிறேன்."

கோதண்டம் கோபத்தோடு போனார். நிறுத்தம் போனால் இவளால்தான் போகும் என்று கடைத்தெருவில் பேசினார்கள். சிலர் அக்காவைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தார்கள். நானும், ஊருக்காகக்கூட விட்டுக்கொடுக்காத பெண்மணி என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். அக்கா வழக்கம்போல ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை கோதண்டத்தின் மனைவி வள்ளி தனியாக வந்து முண்டியம்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டார். கண் புரை. காட்ட வேண்டும், காட்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார். "எங்கியாவது போன்னு சொன்னியே, இங்கதான் போணும்னு தோணுச்சு" என்றார். அக்கா ஸ்டூலை எடுத்து வந்து போட்டு ஏற்றிவிட்டார். மறுவாரம் வள்ளியோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தும், பேருந்துக்கு நடக்க வைத்து அனுப்ப மனமில்லாமல் வீட்டில் வைத்திருந்த பெண்பிள்ளைகளை ரயிலில் அனுப்பத் தொடங்கினார்கள். கத்திரிக்காய்க் கூடைகள் திண்டிவனம் சந்தைக்கு ஏறின. கடைசியில் நிலத்தில் விளைந்த மல்லாட்டை மூட்டையோடு கோதண்டமே வந்து நின்றார். அக்கா டிக்கெட்டை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு ஏறினார். நிறுத்தம் நிலைத்தது.

போன மாதம் ஒரு காலை, அக்கா ஜன்னலுக்கு வெளியே, வரிசையில் நின்றிருந்தார். வயிற்றில் கட்டி என்றார்கள். ஆளே பாதியாகியிருந்தார். மகள் ஜெயா உள்ளே இருந்து அம்மாவுக்கு டிக்கெட் கொடுத்தாள். முருகன் ஸ்டூலைப் பிடிக்க, நான் கை கொடுத்து ஏற்றினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர், வண்டி நகரும்போது கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிக்குள்ளேருந்து பார்த்தா எம்மாஞ் சின்னதா கீது தம்பி, நம்ம ஸ்டேஷன்" என்றார். முண்டியம்பாக்கத்தில் அவர் இறங்கி நடந்ததுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

அக்கா நன்றாக இருந்தபோது, என் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து அனுப்பி வைத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையை ஏற்றிவிட்டு, கண் கலங்குவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று உடனே திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல். "பொண்ணு இன்னும் பார்த்துக்கினுதான் கீது தம்பி. அதுக்குள்ள முதுகக் காட்டாதீங்க." திரும்பினேன். மகள் அழுதுகொண்டே கையசைத்தாள். கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை இருவரும் நின்றோம். "இப்ப போலாம்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். யாரை எங்கே வழியனுப்பினாலும், அவர்கள் கண்ணிலிருந்து மறையும்வரை நான் நிற்கிறேன். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அக்காவின் குழியில் மண் தள்ளி முடிந்து எல்லோரும் கலைந்தபோதும் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோதண்டமும் நின்றிருந்தார்.