நாலு ஏக்கரும் பதினாலு பேரும்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு ஒரு சின்ன அவமானம் நடந்தது.

தபால் கந்தோரைப் பூட்டிவிட்டு, மைதானத்துக்குக் குறுக்கே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் மரக்கறிப் பை. தலைக்குள் இந்த வாரப் பத்தியில் உங்களுக்கு என்ன எழுதலாம் என்ற யோசனை. விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“தபால் ஐயா, கோட்டுக்கு வெளிய நடங்க. அஞ்சரை வரைக்கும் இது எங்க நேரம்” என்றார் புஷ்பம்.

வெளியே நடந்தேன். வேறென்ன செய்ய? இந்த மைதானத்துக்காகக் காடு வெட்டியவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வருஷம் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். என்னையா வெளியே போகச் சொல்வது... என்று ஒரு இரண்டு நிமிஷம் மனம் புறுபுறுத்தது. வேலியடிக்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் இதே புஷ்பத்தின் முன்னால் நான் போய் நின்ற நிலை ஞாபகம் வந்தது. அந்தக் கதையை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லைத்தானே?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு ரோட்டில், முரசுமோட்டையைத் தாண்டிப் போனவர்கள் எங்கள் மைதானத்தைக் கண்டிருப்பீர்கள். நாலு ஏக்கர். குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் இளந்தாரிகள் நாங்கள், உதைபந்தாட்டத்துக்கென்றே வெட்டித் துப்புரவாக்கிய இடம். அப்போது அறுபது பேர் இருந்தோம். பிறகு? சிலர் சவூதிக்குப் போனார்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள். பலர் எங்கேயும் போகவில்லை, வயிறு வண்டி வைத்துவிட்டது.

மிச்சம் பதினாலு பேர். அதில் நானும் ஒருவன் — கோல் காப்பாளருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் விளையாடுகிறவன்.

ஒரு பக்கக் கோல் கம்பத்தின் குறுக்குத்தடியைக் கறையான் தின்றுவிட்டது. அந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தோம். முக்கால்வாசி நிலத்தில் தொட்டாச்சுருங்கி. மாடுகள் எங்களைவிட ஒழுங்காக வந்துபோயின. ஆனாலும் அது ‘எங்கள்’ மைதானம். அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஒரு நாள் காணிக் கந்தோரிலிருந்து கழகச் செயலாளருக்குக் கடிதம் வந்தது. ஊரின் உப தபாலதிபரும் நான், செயலாளரும் நான். முத்திரை குத்தி எனக்கு நானே கொடுத்தேன். உடைத்து வாசித்தால்... ‘பயன்படாமல் கிடக்கும் அரச காணி’யாம். அதில் நெற்களஞ்சியம் கட்ட யோசனையாம். அலுவலர் நேரில் வந்து பார்ப்பாராம்.

சொன்ன நாளில் வந்தார். மோட்டார் சைக்கிளை வேம்பின் கீழ் விட்டுவிட்டு, தொட்டாச்சுருங்கியில் கால் படாமல் மெதுவாக நடந்து வந்தார். நாங்கள் பதினாலு பேரும் ஜேர்சி போட்டு வரிசையாக நின்றோம். கழகத் தலைவர் சின்னத்துரை அண்ணை சால்வையோடு முன்னுக்கு நின்றார். உழவு மெசின் வைத்திருக்கிறவர். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் குறைவு.

“இஞ்சை ஆர் விளையாடுறது?” என்று கேட்டார் அலுவலர்.

“நாங்கள்தான்” என்றார் சின்னத்துரை அண்ணை.

“எத்தினை பேர்?”

“பதினாலு.”

“நாலு ஏக்கருக்குப் பதினாலு பேரோ?”

கேட்டு முடிக்கவில்லை. அவர் கண் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. மைதானத்தின் கிழக்குப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் கட்டில் முப்பது நாற்பது பேர் — ஆண், பெண், பிள்ளைகள் — குந்தியிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள். வாய்க்காலுக்கு அப்பால் குடிசை போட்டு, எங்கள் வயல்களில் கூலி வேலை செய்கிறவர்கள்.

“அவை ஆர்?”

“அவை... பார்க்கிறவை” என்றேன் நான்.

“ஏன் உள்ளுக்கு வரேல்லை?”

பதில் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. உண்மையில் அவர்களை வரவேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் ஒருவரும் சொன்னதில்லை.

“ஒரு மாதம் தாறன்” என்றார் அலுவலர். “திரும்ப வந்து பார்ப்பன். ஊரே விளையாடுற இடமெண்டால் நான் தொடமாட்டன். பதினாலு பேருக்கெண்டால், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அன்றைக்கே கழகக் கூட்டம். சின்னத்துரை அண்ணை சுலபமான வழி சொன்னார். “அந்தாள் வாற அண்டைக்கு வாய்க்காலுக்கு அங்காலை உள்ள சனத்தை மைதானத்துக்கை இறக்கிவிடுவம். ஆளுக்கு ஒரு பணிசும் தேத்தண்ணியும் குடுப்பம். போய்ச் சொல்லிப்போட்டு வா.”

நானும் வெட்கமில்லாமல் போனேன்.

அங்கே யாரிடம் சொல்வது? எனக்குத் தெரிந்தது புஷ்பத்தைத்தான். முப்பது வயதிருக்கும். மாதத்தில் ஒருதரம் தபால் கந்தோருக்கு வந்து, பதுளையில் இருக்கும் தாய்க்குக் கடிதம் போடுவார். நாற்று நட்ட சேறு காலில் காயாமல், வாசலில் நின்றபடியே முத்திரை கேட்பார். நாலு வருஷமாகப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரும் தாயின் விலாசமும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

விஷயத்தைச் சொன்னேன். பணிசையும் சொன்னேன்.

“அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வரணுங்களா ஐயா?” என்றார் புஷ்பம்.

ஓமென்று தலையாட்டினேன்.

“தலை எண்ணிக் காட்ட நாங்க வரலீங்க. வெளையாடக் கூப்பிட்டா வர்றோம்.”

“விளையாடவோ... என்ன விளையாட்டு?”

“நெட்போல். டவுன் ஸ்கூல்ல படிக்கறப்ப நான் கோல் ஷூட்டருங்க. இங்க வந்ததுக்கப்புறம் பந்தையே தொடலை.”

“நாலு வருஷமாய் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே பிள்ளை.”

“நீங்களும் கூப்பிட்டிருக்கலாமுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

பிறகு தன் பக்கத்து நிபந்தனைகளைச் சொன்னார். வலைப்பந்துக்கு ஒரு கோட். ஒரு நாளைக்கு இல்லை, எந்நாளைக்கும். பின்னேரம் நாலரையிலிருந்து அஞ்சரை வரை பெண்களுக்கு. கடைசியாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “மைதானத்துக் கெணத்துல நாங்களும் தண்ணி அள்ளணும். எங்க பக்கம் எல்லாம் உப்புத் தண்ணிங்க.”

அந்தக் கடைசி வசனத்தைச் சுமந்துகொண்டு வாய்க்காலைக் கடந்தேன். அந்தக் கிணற்றில் அவர்கள் அதுவரை வாளி போட்டதில்லை.

சின்னத்துரை அண்ணை வீட்டு விறாந்தையில் கழகம் கூடியிருந்தது. சொன்னேன். முதலில் வலைப்பந்துதான் வெடித்தது.

“பொம்பிளையள் துள்ளி விளையாடவோ நாங்கள் காடு வெட்டினனாங்கள்?” என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. “நெல்லு மூட்டை அடுக்கவோ வெட்டினனாங்கள் அண்ணை?” என்றேன்.

அதே மூச்சில் கிணற்று விஷயத்தையும் சொன்னேன். அதற்கு அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

அடுத்த நாள் காலமை, கிணற்றடிக்கு அவர் புதுக் கயிறும் வாளியும் கொண்டு வருவதைத் தூரத்தில் கண்டேன். எனக்குப் பயம்... இரண்டு வாளி கொண்டு வருகிறாரோ என்று. அவர்களுக்கொன்று, எங்களுக்கொன்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு வாளிதான்.

“என்ன பார்க்கிறாய்? அங்காலை போய்ச் சொல்லிவிடு, கயிறு புதுசு, கை வழுக்கும் எண்டு” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம். உழவு மெசின் தொட்டாச்சுருங்கியைப் புரட்டியது. வாய்க்காலின் இரண்டு பக்கத்துச் சனமும் மண்வெட்டியோடு இறங்கியது. கோல் கம்பத்துக்கு உண்மையான குறுக்குத்தடி வந்தது. வலைப்பந்து வளையத்தைப் புஷ்பத்தைத் தவிர யாரும் கண்டதில்லை. இரும்புக் கம்பி வளைக்கிற கொல்லரிடம் புஷ்பம் பந்தையே கொண்டுபோய், “பந்தைச் சுத்தி நாலு வெரல் எடம் இருக்கணுங்க” என்று வைத்துக் காட்டினார். அப்படியே வந்தது.

கோடு போடுவதுதான் பெரிய பிரச்சினை. ஒரே நிலத்தில் உதைபந்து, வலைப்பந்து, கரப்பந்து. போதாக்குறைக்குக் கலியாணமான ஆண்கள் சிலர் கிளித்தட்டும் வேண்டுமென்றார்கள். எந்தக் கோடு யாருடையது? உதைபந்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வலைப்பந்துக்கு அரிசி ஆலையில் வாங்கிய கரி உமிச் சாம்பல். கரப்பந்துக்கு உடைந்த ஓட்டை இடித்த சிவப்புத் தூள். கிளித்தட்டுக்காரர் தங்கள் கோட்டைத் தாங்களே காலால் கீறிக்கொண்டார்கள். முதல் நாள் எங்கள் முன்வரிசை வீரர் ஒருவர் கறுப்புக் கோட்டை எல்லையென்று நினைத்துப் பந்தோடு சுற்றிச் சுற்றி ஓடியதைப் பார்த்து, புஷ்பத்தின் அணி ஆட்டத்தை விட்டுவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தது.

அலுவலர் வெள்ளிக்கிழமை வருவதாக அறிவித்திருந்தார். ஆர்ப்பாட்டமாக ஆயத்தம் செய்தோம். மாவிலைத் தோரணம்கூட யோசித்தோம்.

அவர் புதன்கிழமையே வந்துவிட்டார்.

தபால் கந்தோருக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் போவதைக் கண்டதும் துள்ளி எழும்பினேன். ஏனென்று கேளுங்கள். அன்றைக்கு எங்கள் பதினாலு பேரில் பதின்மூன்று பேர் பரந்தனுக்கு மட்ச் விளையாடப் போயிருந்தார்கள். மைதானத்தில் ஒரு ஜேர்சியும் இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு, சைக்கிளை எடுக்கவும் மறந்து ஓடினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால்... வேம்பின் கீழே அவர் நிற்கிறார். அவருக்கு முன்னால் வலைப்பந்து நடக்கிறது. அந்தப் பக்கம் கரப்பந்து. மூலையில் கிளித்தட்டுக்காரர் ஏதோ தீராத வழக்கில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சின்னத்துரை அண்ணையின் மூத்த மகள் பந்தைப் பிடித்து எறிய, புஷ்பம் துள்ளி வாங்கி, நின்று, குறி பார்த்து வளையத்துக்குள் போட்டார். அலுவலர் தன்னையறியாமல் கை தட்டினார்.

“செயலாளர், உங்கடை பதினாலு பேரும் எங்கை?”

“பரந்தனுக்குப் போட்டினம், ஐயா.”

“அப்ப இவையெல்லாம் ஆர்?”

இந்த முறை எனக்குப் பதில் வந்தது. “இவையும் எங்கடை ஆக்கள்தான்.”

அவர் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “களஞ்சியத்துக்கு ரோட்டுக்கு அங்காலை ஒரு துண்டு கிடக்கு, அதைப் பார்ப்பம்” என்றார். பத்து நாளில் அதையே எழுத்திலும் அனுப்பினார்.

பரந்தனுக்குப் போன எங்கள் வீரர்கள் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றுத் திரும்பினார்கள். தாங்கள் இல்லாத நேரத்தில்தான் மைதானம் தப்பியது என்று கேட்டதும் அவர்களுக்குத் தோல்வி மறந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் எத்தனை இடங்களை எங்களுடையது, எங்களுடையது என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? அதில் பாதியில் தொட்டாச்சுருங்கிதான் வளர்ந்துகொண்டிருக்கும். பங்கு கொடுத்தால் குறைந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு அந்த நாலு ஏக்கரும் முழுதாகக் கிடைத்ததே பங்கு கொடுத்த பிறகுதான்.

இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் கழகத்தின் பெயரிலிருந்து ‘உதைபந்தாட்ட’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். செயலாளர் பதவிக்குப் போட்டி வந்தது. நானும் புஷ்பமும். புஷ்பம் வென்றார், நான் உதவிச் செயலாளர். எனக்கு ஒன்பது வாக்குகள் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது — பொய் சொல்லக் கூடாது.

புதிய செயலாளரின் முதல் அறிவித்தல் வேம்பில் ஒட்டப்பட்டிருக்கிறது: மைதானத்துக்குள் ஆடு கட்டக்கூடாது. ஊரில் அங்கே ஆடு கட்டுகிற ஒரே ஆள் நான்தான்.