அண்ணியின் அம்புக்குறி

எங்கள் தையல் கூடத்தில் அண்ணிக்கு முதலில் கிடைத்த இடம் வாசலை ஒட்டிய, பித்தான் தைக்கும் பெஞ்சு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளும் நானும் அங்கேதான் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வாய் திறக்கவே யோசிப்பவள். அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அண்ணன் எம்பிராய்டரி மிஷின் வாங்கியபோது, தைக்க வேண்டிய படத்தை வரைந்து கொடுக்க ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டது. அண்ணியின் தம்பி தன்னுடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளியூர் போய்விட்டான். சொல்லித் தர யாருமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து ஒன்றைத் தட்டுவாள், என்ன ஆகிறது என்று பார்ப்பாள், பிறகு இன்னொன்றைத் தட்டுவாள். பேசத் தெரியாத குழந்தையிடம் எங்கே வலிக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் கேட்பது போல இருக்கும். போகப் போக அந்த நாற்காலி அவளுடையதாகிவிட்டது. அவள் திரையில் வரைந்த இலை ஊசி வழியாகத் துணியில் முளைப்பதை எத்தனை முறை பார்த்தாலும் என் கை வேலை நின்றுபோகும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது.

ஒரு நீச்சல் சங்கத்துக்கு மீன்கொத்தி போட்ட சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் துணிக்கட்டுகள் வந்து இறங்கியதால் இடம் போதாமல், எம்பிராய்டரி மிஷின் மேசையைத் தள்ளி கம்ப்யூட்டர் மேசையோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். காலையில் அண்ணி மீன்கொத்தியின் அலகைத் திருத்த உட்கார்ந்தாள். மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அலகுக்குக் கொண்டுபோனால் அம்புக்குறி துள்ளி வாலுக்குப் போனது. இழுத்து வந்தால் மறுபடியும் ஓடியது. பறவைக்கு வயிற்றில் ஒரு அலகு முளைத்தது.

கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “எலின்னா ஓடத்தாம்மா செய்யும். ஒரு பொறி வாங்கி வைங்க” என்றார்.

அண்ணி சிரித்தாள், ஆனால் கை நிற்கவில்லை. மவுஸைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறை ஊதினாள். கீழே வெள்ளைத்தாள் விரித்துப் பார்த்தாள். ஒயரை வேறு துளையில் மாட்டினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு மவுஸ் இரவல் வாங்கி வந்தாள். அதுவும் துள்ளியது.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். வெளியே படம் போட்டுத் தரும் ஒரு கடைக்காரரிடம் போனில் பேசிவிட்டு வந்தான்.

“சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா இதை வெளிய குடுத்துடறேன். இனிமே எல்லாப் படமும் அங்கயே போடட்டும். நீ நிம்மதியா பித்தான் பெஞ்சுல உக்காந்துக்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நிஜமாகவே செய்துவிடுவான் என்று எனக்குப் பட்டது. அண்ணி மவுஸின் ஒயரைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

அம்புக்குறி துள்ளியது.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். மவுஸே இல்லை, யாருடைய கையும் இல்லை. வாலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன அம்பு தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. தொலைத்த சாவி எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவளைப் போல இருந்தாள்.

“அப்ப மவுஸ் பாவம், அது மேல தப்பில்ல” என்றாள். “வேற யாரோ தள்றாங்க.”

திரையில் கட்டளை கொடுக்கும் கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினாள். அம்பை நகர்த்தக்கூடிய எல்லாச் சாமான்களின் பெயரும் வரிசையாக வந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பெயரைக் கொடுத்து, அதிலிருந்து ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். முதலாவது பேசாமல் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த பெயரைக் கொடுத்தபோது எண்கள் கொட்டத் தொடங்கின. யாரும் எதையும் தொடவில்லை, எண்கள் மட்டும் மழை மாதிரி இறங்கின. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை நேரமும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, அண்ணி காது கொடுத்த பிறகுதான் எங்களுக்குக் கேட்டது.

அப்போது, காலையிலிருந்து சட்டைகளில் சங்கத்தின் பெயரைத் தைத்துக்கொண்டிருந்த எம்பிராய்டரி மிஷினில் நூல் அறுந்து, அது நின்றது. எண்களும் நின்றன. அண்ணன் நூலைக் கோத்து மறுபடி ஓட்டினான். எண்கள் கொட்டின.

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டேன். “அண்ணி, மிஷின் ஓடினாத்தான் வருது.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணி ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு திரையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். அது அவள் எப்போதாவது மவுஸுக்குப் பதிலாகப் பேனாவால் வரையப் பயன்படுத்தும் பலகையின் பெயர்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிசிறு படியக்கூடாது என்று எதன்மேலும் வெட்டுத்துணியைப் போட்டு மூடிவிடுவோம். அந்தப் பலகையும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு துணிக்கு அடியில் கிடந்தது, அதுவும் ஒயரைக் கழற்றாமல். அண்ணி துணியை மெல்ல விலக்கினாள். பலகையின்மேல் அதன் பேனா படுத்திருந்தது. ஒட்டிப் போட்ட மேசையிலிருந்து மிஷினின் அதிர்வு ஏறி வர, பேனா அரிசி அளவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது.

“ஏங்க, இங்க வந்து பாருங்க” என்றாள். “உங்க மிஷின்தான் உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருக்கு.”

அண்ணன் குனிந்து பார்த்தான். பிறகு போனை எடுத்து, படம் அனுப்பவில்லை என்று அந்தக் கடைக்காரரிடம் சொன்னான்.

அண்ணி மவுஸை மாட்டிக்கொண்டு, “பாப்பா, அந்தப் பேனாவை எடுத்து வை” என்றாள். நான் எடுத்தேன். பலகைக்கு மேலே என் கை போன திசையில் திரையில் அம்புக்குறியும் போனது. பேனா பலகையைத் தொடக்கூட இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணி அவசரப்படுத்தவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். “அலகுல இருந்து ஆரம்பி” என்றாள்.