எஞ்சினுக்குப் பூசிய சந்தனம்

அன்று காலை மில்லில் இருந்தவர்கள் நால்வர்: முதலாளி, அவர் மனைவியின் தம்பி, நெல்லுக் கொண்டுவந்த பேலியகொடை வியாபாரி, எஞ்சின் ஓட்டும் நான். பிறகு பழுது பார்க்க வந்த சிங்கள மெக்கானிக் பாஸையும் சேர்த்தால் ஐவர். மூளையைப் பாவித்தவர்கள் எத்தனை பேர் என்றால், அது வேறு கணக்கு.

வெள்ளைக்காரன் போவதற்குச் சில வருடங்கள் முன்பு. சிறுபோக அறுவடை முடிந்து நெல் வரத் தொடங்கினால் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் இருமும். உமித்தூசி சோற்றிலும் தேத்தண்ணியிலும் கிடக்கும். மில்லில் எல்லாம் உடைவது அந்தக் காலத்தில்தான். முதலாளி எதையும் திருத்தாததும் அந்தக் காலத்தில்தான். சல்லடை கிழிந்தால் பிஸ்கற் தகரத்தை வைத்து அடிக்கச் சொல்வார். பெல்ட் அறுந்தால் கம்பியால் தைக்கச் சொல்வார். “ஓடுதுதானே” என்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எதற்கும் பயம். அந்தக் கிழமை பயத்துக்குக் காரணமும் இருந்தது. அறை வாடகை பாக்கி. சம்பளம் மறுநாள். முழுக் காசும் வராவிட்டால் பெட்டியைத் தெருவில் வைப்பதாக வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் ஆயுத பூசை. முதலாளியின் மச்சான், சோதனையில் இரண்டு முறை தவறியதால் எங்களுக்கு மனேஜராக வாய்த்தவர், எஞ்சினைத் தானே அலங்கரித்தார். ஒரு பொட்டு வைத்தால் போதாதா? கலியாணப் பெண்ணுக்குப் போல அப்பினார். பேரிங்குக்கு எண்ணெய் இறங்கும் துளை அவர் கண்ணுக்கு ஒரு வடுவாகப் பட்டிருக்க வேண்டும். அதையும் சந்தனத்தால் அடைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். விடியும்போது அது காய்ந்து கல்லாகியிருந்தது.

“இதைச் சுரண்டவேணும் ஐயா. எண்ணெய் இறங்காது” என்றேன் மச்சானிடம்.

“சாமிக்கு வைச்சதைச் சுரண்டுறதோ? விசயதசமியும் அதுவுமாய்? பின்னேரம் பாப்பம். ஓட்டும்.”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் மழை இருட்டைப் பார்த்தார். நெல்லு மூட்டைகள் இன்னும் வண்டியில்தான் கிடந்தன.

“ஓட்டும், ஓட்டும்” என்றார்.

ஓட்டினேன். முதலில் சந்தனம் மணத்தது. மச்சானுக்கு அதில் ஒரு பெருமை. பிறகு வேறு மணம் வந்தது. எஞ்சின் கிறீச்சிட்டது. நான் நிறுத்துவதற்குள் பேரிங்கின் ஈயம் உருகிச் சொட்டியது. வெளியே மழையும் தொடங்கியது.

வியாபாரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

“மாப்பிளைக்கு நல்லாச் சந்தனம் பூசி ஈக்கிறீங்க மொதலாளி. பொண்ணு எந்த ஊரு?”

“கொஞ்சம் பொறுங்கோ நானா” என்று முதலாளி அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார்.

“நான் பொறுப்பன். நெல்லு பொறுக்காது. முளைச்சா இங்கேயே வயல் செய்யுங்க.”

பாஸ் மத்தியானம் வந்தார். அவரும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. புது ஈயம் வார்த்தார், சரியாகத் தேய்க்காமல் பூட்டினார், தண்டு சுற்றவில்லை. திரும்பக் கழற்றித் தேய்த்துவிட்டு, “ரெண்டாம் வேலைக்கு வேற சல்லி மஹத்தயா” என்றார். வியாபாரி பார்த்துக்கொண்டு நின்றதால் முதலாளி பேரம் பேசாமல் கொடுத்தார். அந்த வயிற்றெரிச்சலோடு என் பக்கம் திரும்பினார்.

“எஞ்சினை ஓட்டினது ஆர்? நீர்தானே?”

“துளையை அடைச்சது சந்தனம் ஐயா.”

“அப்ப சாமியில பிழை எண்டுறீரோ?”

மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இப்பிடி நிந்திக்கிறவனை வைச்சிருந்தா மில் உருப்படாது அத்தான்” என்றார்.

மறுநாள் இருபத்தெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் பதினொன்றே முக்கால் என் கையில் விழுந்தது. பாஸுக்குக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டோம் என்றார்கள். வீட்டுக்காரி சொன்ன சொல் தவறவில்லை. பெட்டி தெருவுக்கு வந்தது. மில் வேலையும் அதோடு போயிற்று. நான் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனேன். படுக்க இடம் அங்கேயே கிடைத்தது.

பிறகும் மில்லுக்குப் போய், பிடித்த காசைக் கேட்டேன். எஞ்சின் பழுதுக்குக் கூலிக்காரன் காசு கட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று ஒருமுறை கேட்டும் விட்டேன். “ஓம், ஓம், தாறன்” என்றார் முதலாளி. மில்லை விற்றபோதும் அதையேதான் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து எனக்கு வரவேண்டியது பதினாறே கால் ரூபாய்.